குதிரைத்திறனை விட்டு எடையைப் பார்த்து கார் வாங்கிய அனுபவம்

ஓட்டும் சுகத்துக்காக மட்டும் ஒரு கார் வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. வீட்டுக்கென்று ஒரு கார் ஏற்கெனவே இருக்கிறது, பெருங்குடி ஆபீஸுக்குப் போக பைக் இருக்கிறது. சேர்த்து வைத்த பணம் 15 லட்சத்தை ஒட்டி வந்ததும் தேட ஆரம்பித்தேன். லோனும் போட்டால் 25 லட்சம் வரை போகலாம். இந்தத் தொகைக்கு வேகமான கார் எது என்று சென்னையில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: நாலைந்து வருடம் ஓடிய ஜெர்மன் செடான். எல்லோரும் சொன்ன அந்த வண்டியை விட்டுவிட்டு, 7.5 லட்சத்துக்கு ஒரு பழைய அபார்த் புன்டோ (ஃபியட் புன்டோவின் வேகமான வகை) வாங்கினேன். வாங்கி, பெயர் மாற்றி, நிம்மதியாக ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிவிட்டது. பணமும் போனது, தூக்கமும் போனது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. முன்பே யாராவது சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும் என்பதால் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த ஜெர்மன் செடானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குறை சொல்ல முடியாத வண்டி. 250 குதிரைத்திறன், அமைதியான கேபின், சோபா மாதிரி சீட். ஞாயிறு விடிகாலையில் அக்கரையில் இருந்து கோவளம் வரை ஓட்டிப் பார்த்தேன். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன், முதுகு சீட்டில் ஒட்டியது, மீட்டரைப் பார்த்தால் வைத்திருக்க வேண்டிய வேகத்தைத் தாண்டியிருந்தது. உடனே காலை எடுத்தேன். மீதி தூரம் முழுக்க ஏசி காற்றில் சும்மா உட்கார்ந்துகொண்டு வந்தேன். சென்னை நகருக்குள் கார்களுக்கு மணிக்கு 60 கிலோமீட்டர், குடியிருப்புத் தெருக்களில் 30 என்று 2023 நவம்பரில் போலீஸ் வரம்பு கொண்டுவந்தது. நியாயமான வரம்புதான். இந்த ஊரில் மாடு குறுக்கே வரும், மெட்ரோ தடுப்புக்குப் பின்னாலிருந்து ஆட்டோ வரும். ஆனால் அந்த வரம்புக்குள் அவ்வளவு பெரிய எஞ்சினை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதே வாரம் அண்ணா நகரில் ஒருவர் விற்பதாகச் சொன்ன அபார்த் புன்டோவை ஓட்டினேன். 1.4 லிட்டர் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளித் திறனைக் கூட்டும் கருவி), 145 குதிரைத்திறன், ஐந்து கியர் மேனுவல், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். 2015 அக்டோபரில் 9.95 லட்சம் ஷோரூம் விலையில் வந்த வண்டி. எடை 1,200 கிலோவை ஒட்டி இருக்கும். ரவுண்டானாவைச் சுற்றும்போது வேகம் 40-ஐத் தாண்டவில்லை. ஆனாலும் ஸ்டியரிங் கையில் பேசியது. சாலையில் ஒட்டுப்போட்ட தார் எங்கே முடிகிறது, எங்கே மணல் கிடக்கிறது என்பது விரலுக்குத் தெரிந்தது. இதன் ஸ்டியரிங்குக்கு உதவுவது மின்மோட்டார் இல்லை, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் வகை என்பது பெரிய காரணம். இரண்டாவது கியரில் 2,000 ஆர்பிஎம் தாண்டியதும் டர்போ விழித்துக்கொண்டு இழுத்தது. ஒரு திருப்பத்தில் நான் மூன்று வேலை செய்தேன்: பிரேக், கியர், ஸ்டியரிங். இறங்கும்போது முகமெல்லாம் சிரிப்பு. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இந்த இடத்தில் எடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் யாரும் அதைப் பேச மாட்டார்கள். சென்னைக்குப் பக்கத்திலேயே மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி ஆலையில் அசெம்பிள் செய்யப்படும் பிஎம்டபிள்யூ எம்340ஐ-யை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் 62.9 லட்சத்துக்கு வந்தது. 387 குதிரைத்திறன், எடை 1,700 கிலோவை ஒட்டி. நேர்க்கோட்டில் போனால் என் புன்டோ அதன் பக்கத்தில் நிற்கவே முடியாது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரே வேகத்தில் வரும் இரண்டு வண்டிகளையும் நிறுத்தினால், பெரிய வண்டியின் பிரேக் ஏறக்குறைய 40 சதவீதம் அதிக வெப்பத்தை விழுங்க வேண்டும். அந்த வெப்பத்துக்குப் பெரிய டிஸ்க் வேண்டும், அந்தக் கனத்தைத் திருப்ப அகலமான டயர் வேண்டும், அந்த டயரைத் தாங்க கனமான சஸ்பென்ஷன் வேண்டும். ஒரு கனம் இன்னொரு கனத்தைக் கூட்டி வரும். எல்லாவற்றுக்கும் நாம்தான் காசு கொடுக்க வேண்டும்.

இங்கிலாந்தின் லோட்டஸ் ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனர் காலின் சாப்மன் வாழ்நாள் முழுக்க எடையைக் குறைப்பது என்ற இந்த ஒரு விஷயத்தைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் மறைந்து பல வருடம் கழித்து 1996-ல் வந்த லோட்டஸ் எலீஸ் 118 குதிரைத்திறன்தான், ஆனால் எடை சுமார் 725 கிலோ. 1989-ல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 ஆயிரம் கிலோவுக்குள் அடங்கிய, கூரை திறக்கும் இரண்டு சீட்டு வண்டி (ரோட்ஸ்டர்), உலகத்திலேயே அதிகம் விற்ற ரோட்ஸ்டர் அதுதான். நமக்கும் இது புதுசு இல்லை. மாருதி 800 எஞ்சினை வைத்து கோவையின் எஸ். கரிவர்தன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி பந்தயக் காரில்தான் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் மாதிரி ஆட்கள் கற்றுக்கொண்டார்கள். 796 சிசி எஞ்சின் ஒரு பந்தய வீரரை உருவாக்கப் போதுமாக இருந்திருக்கிறது.

எலீஸோ எம்எக்ஸ்-5-ஓ ஒன்றை வெளிநாட்டில் இருந்து கொண்டுவரலாமா என்று நானும் விசாரித்தேன். பழைய கார் இறக்குமதி என்றால் மூன்று வருடத்துக்கு மேல் வயதாகியிருக்கக் கூடாது, வலது பக்க ஸ்டியரிங்காக இருக்க வேண்டும், வரி மட்டுமே வண்டி விலையைத் தாண்டிவிடும். அந்தக் கதவை அப்போதே மூடிவிட்டேன். ஆகவே நம் ஊரில் சின்ன ஸ்போர்ட்ஸ் கார் என்று தேடினால் கண்ணில் படுவது ‘ஹாட் ஹேட்ச்’ என்று சொல்லும் வேகமான ஹேட்ச்பேக்குகள்தான்: அபார்த் புன்டோ, கொஞ்சமே வந்த போலோ ஜிடிஐ, 950 கிலோ எடைக்கு 102 குதிரைத்திறன் தந்த பலேனோ ஆர்எஸ். போலோ ஜிடிஐ தவிர மற்றவை இரண்டு கதவு வண்டிகள் இல்லை, எதிலும் கூரை திறக்காது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

இன்னொரு கணக்கும் என் முடிவை உறுதியாக்கியது. பழைய காரின் விலை பாதியாகக் குறையும், அதன் உதிரிபாக விலை குறையாது. புதிதில் 50 லட்சத்துக்கு விற்ற வண்டியை 25 லட்சத்துக்கு வாங்கினாலும் டயரும் பிரேக்கும் ஹெட்லைட்டும் 50 லட்ச ரூபாய் வண்டியின் விலையில்தான் வரும். அந்தச் செடானுக்கு நான்கு டயர், நான்கு டிஸ்க், பேட் எல்லாம் மாற்ற எவ்வளவு ஆகும் என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். இரண்டு லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். புன்டோவுக்கு 195/55 ஆர்16 டயர், நான்கும் 40,000-க்குள் முடிந்துவிட்டது. எந்த வண்டி வாங்குவதானாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் டயர், பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன் இந்த நான்குக்கும் விலை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தொகையைக் கேட்டு வயிறு கலங்கினால் அந்த வண்டியே வேண்டாம்.

அண்ணா நகர் வண்டி கிடைக்கவில்லை. 25,000 டோக்கன் அனுப்பினேன். நான்கு நாள் கழித்து விற்றவர் போன் செய்து, "சாரி பாஸ், வேற பார்ட்டி அதிகம் தர்றாங்க" என்றார். டோக்கனைத் திருப்பிக் கேட்டதற்கு இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்து, கடைசியில் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். ஸ்டேஷனில் போய்ச் சொன்னேன். பேசிப் பார்க்கிறோம் என்றார்கள், அவ்வளவுதான். பணம் போனதைவிட அந்த வாரம் முழுக்க மனதில் ஓடிக்கொண்டிருந்த ஆத்திரம்தான் கஷ்டமாக இருந்தது. டோக்கன் கொடுக்கும்போது வாட்ஸ்அப்பிலாவது நான்கு விஷயம் எழுதி வாங்குங்கள்: வண்டி எண், பேசிய முழு விலை, எத்தனை நாள் காத்திருப்பார், அவர் பின்வாங்கினால் எத்தனை நாளில் பணம் திரும்பும். எழுதித் தர யோசிப்பவரிடம் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் கிடைத்தது பெங்களூரு வண்டி. பார்க்கப் போகும்போது எனக்குப் பழக்கமான பாடி மெக்கானிக் அண்ணனையும் கூட்டிப் போனேன். அவருக்கு அன்றைய கூலியும் பயணச் செலவும் கொடுத்தேன், முழு விவகாரத்திலும் உருப்படியான செலவு அதுதான். அவர் பானட்டைத் திறப்பதற்கு முன்பே சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தார். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக் கறை நிற்குமாம். ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் வெல்டிங் தடம் பார்த்தார், கார்ப்பெட் ஓரத்தை நகத்தால் கிளப்பி முகர்ந்து பார்த்தார். பிறகு என்னை ஓட்டச் சொல்லி, "சார், நாலாவது கியர்ல அம்பதுல வெச்சு முழுசா மிதிங்க" என்றார். ஆர்பிஎம் மட்டும் சட்டென்று ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். டர்போ கார்களில் இதைக் கட்டாயம் பாருங்கள். நிறையப் பேர் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவின் மென்பொருளை மாற்றி (ரீமேப்) திறனைக் கூட்டி ஓட்டிவிட்டு, விற்கும்போது பழையபடி மாற்றிவிடுகிறார்கள். கிளட்ச்சும் டர்போ குழாய்களும் அந்தக் கதையைச் சொல்லிவிடும். இந்த வண்டியில் கிளட்ச் சரியாக இருந்தது. டர்போவில் இருந்து வரும் ஒரு குழாயில் எண்ணெய்க் கசிவு, முன் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ் தேய்மானம், இரண்டும் இருந்தன. அதைக் காட்டி 40,000 குறைத்தோம்.

வண்டி வாங்கியது சுலபம். பேப்பர் வேலைதான் என்னை உலுக்கிவிட்டது. வேறு மாநில வண்டியை இங்கே பதிவு செய்ய அந்த ஊர் ஆர்டிஓ-விடம் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், பெயர் மாற்றத்துக்கு 29, 30 வேண்டும். விற்றவர் வங்கிக் கடனை எப்போதோ அடைத்துவிட்டார். ஆனால் ஆர்சியில் வங்கி பெயர் அப்படியே நின்றது. அதை எடுக்க வங்கி தரும் படிவம் 35 வேண்டும். கடனை அடைத்ததற்கே ஆதாரம் தேட வேண்டியிருந்தது, அதற்கே வாரக்கணக்கில் ஆனது. பணத்தில் பெரும்பகுதியைக் கொடுத்தாகிவிட்டது, வண்டியோ இன்னும் அவர் பெயரில். அந்த நாட்களில் நடு ராத்திரி எழுந்து உட்கார்ந்துவிடுவேன். என் மனைவி, "வண்டி எங்கயும் ஓடிடாதுங்க, படுங்க" என்பாள். வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே ஆன்லைனில் ஆர்சி விவரத்தை எடுத்துப் பாருங்கள். அதில் வங்கி பெயர் இருந்தால், அது நீங்கும்வரை விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே வந்தபின் ஆயுள்கால வரி. வண்டி புதிதாக விற்ற விலையை அடிப்படையாக வைத்து, வயதுக்கு ஏற்றபடி சதவீதத்தைக் குறைத்துப் போடுகிறார்கள். எனக்கு 70,000-ஐ ஒட்டி வந்தது. விலை உயர்ந்த வண்டி வாங்கியிருந்தால் இதே வரி சில லட்சம் ஆகியிருக்கும். கர்நாடகாவில் முன்பு கட்டிய வரியில் மீதிக்காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம், அதற்கு இங்கே பதிவான ஆர்சி நகலைக் கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பணத்தை நம்பி பட்ஜெட் போடாதீர்கள், எனக்கு இன்னும் வரவில்லை. இன்னொரு சின்ன விஷயம் பெரிய தலைவலியானது. சேசிஸ் எண் மேல் பென்சிலைத் தேய்த்து, செல்லோடேப்பால் அந்த அச்சை உரித்தெடுத்து, படிவத்தில் ஒட்ட வேண்டும். எண் இருந்த இடத்தில் மெல்லிய துரு ஏறியிருந்ததால் இரண்டு எழுத்து தெளிவாக விழவில்லை, விண்ணப்பம் திரும்பிவிட்டது. மெக்கானிக் அண்ணன் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைத்து, மறுபடி அச்செடுத்துக் கொடுத்தார். வண்டி வாங்கும் அன்றைக்கே அந்த எண்ணைத் தெளிவாகப் படிக்க முடிகிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். அதை யாரும் சுரண்டவோ உப்புத்தாள் போடவோ விடாதீர்கள், திருத்தியதாகச் சந்தேகம் வந்தால் விவகாரம் வேறு மாதிரி போய்விடும். எல்லாவற்றையும் புரோக்கரிடம் கொடுத்தால் சுலபம் என்பார்கள். நானும் 12,000 கொடுத்தேன். அவர் செய்ததில் பெரும்பகுதி மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் நானே செய்யக்கூடியதுதான் என்று பிறகு தெரிந்தது.

இன்சூரன்ஸில் ஒரு நல்ல விஷயம் உண்டு. கிளெய்ம் செய்யாத வருடங்களுக்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் என்ற தள்ளுபடி வண்டிக்கு உரியது இல்லை, உரிமையாளருக்கு உரியது. என் பழைய ஸ்விஃப்ட்டை விற்றபோது வாங்கி வைத்த சான்றிதழால் இதன் பிரீமியத்தில் தள்ளுபடி கிடைத்தது. விற்றவரின் போனஸ் உங்களுக்கு வராது, அதையும் விலை பேசும்போது நினைவில் வையுங்கள். பாலிசியைப் பெயர் மாற்ற 14 நாள்தான் அவகாசம், ஆர்சி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பிறகு உதிரிபாகம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வருவதற்கு முன்பே புன்டோ இந்தியாவில் நின்றுவிட்டது. அந்த ஒரு டர்போ குழாய்க்காக வண்டி ஒர்க்‌ஷாப் மூலையில் வாரக்கணக்கில் தூசி படிந்து நின்றது. ஒரு கடையில் முழுப் பணமும் வாங்கிக்கொண்டு தவறான பாகத்தைக் கொடுத்து, திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். 6,000 போனது. கடைசியில் ஜி.பி. ரோட்டில் ஒரு பெரியவரின் கடையில், மேலே பரணில் இருந்து எடுத்துக் கொடுத்தார். "தம்பி, அபார்த்னு கேட்டா யாருகிட்டயும் இருக்காது. லீனியா டி-ஜெட்டுக்குன்னு கேளு" என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்கு இன்றுவரை காசு மிச்சம் செய்கிறது. லீனியா என்பது ஃபியட்டின் செடான். இரண்டிலும் இருப்பது 1.4 டி-ஜெட் குடும்பத்து எஞ்சின்தான், நிறையப் பாகங்கள் பொருந்தும். உற்பத்தி நின்ற எந்த வண்டி வாங்கினாலும், அதன் எஞ்சினும் கியர்பாக்ஸும் வேறு எந்த மாடலில் வந்தன என்று பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி, பம்பர், லைட் மாதிரி பாகங்களுக்கு புதுப்பேட்டையில் சொல்லி வையுங்கள், பழைய வண்டி உடைபடும்போது போன் செய்வார்கள். பாகத்தின் எண்ணைப் பழையதில் இருந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகாமல் கடை ஏறாதீர்கள்.

மடிப்பாக்கத்தில் இருப்பவனுக்கு மழையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டிக்கும் தரைக்கும் இடைவெளி 155 மில்லிமீட்டர். விதிப்படி போட்ட வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், அதில் பிரச்சினை இல்லை. தெருக்காரர்கள் தாங்களே கொட்டி வைத்த மேடுகளில்தான் சாய்த்து ஏற்ற வேண்டியிருக்கிறது. தண்ணீர் அப்படி இல்லை. எஞ்சின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண பாலிசி அதற்குப் பணம் தராது, எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்க வேண்டும். என் வண்டியின் வயதுக்கு அதைத் தர ஒரு கம்பெனிதான் முன்வந்தது. அதனால் புயல் எச்சரிக்கை வந்ததும் நான் யோசிப்பதே இல்லை. வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக கார்களை ஏற்றி நிறுத்துவார்களே, அதற்கு முந்தின நாளே தி.நகரில் அத்தை வீட்டு இரண்டாம் தளப் பார்க்கிங்கில் கொண்டுபோய் விட்டுவிடுவேன். தண்ணீரில் நின்ற வண்டியை ஒருபோதும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு மொத்தச் செலவு 9.5 லட்சத்தை ஒட்டி வந்தது. லோன் இல்லை. விடிகாலையில் கிளம்பி ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாவது கியரிலும் மூன்றாவது கியரிலும் மாறி மாறி ஏறும்போது வேகம் 50-ஐத் தாண்டுவதே அபூர்வம். கையும் காலும் கண்ணும் முழு வேலை செய்யும். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ஒரு டிராக் நாளுக்கும் (சொந்த வண்டியைத் தடத்தில் ஓட்ட விடும் நாள்) போனேன். 3.7 கிலோமீட்டர் தடம். புதிய பிரேக் ஆயில், நல்ல பேட், சரியான காற்று, இவ்வளவுதான் தயாரிப்பு. என்னைத் தாண்டிப் போன கனமான வண்டிகள் சில சுற்றுக்குப் பிறகு பிரேக் சூடாகி ஓரம் கட்டி ஆறிக்கொண்டிருந்தன. எனக்குக் கொடுத்த நேரம் முழுவதும் நான் ஓட்டினேன். அந்தச் சந்தோஷத்தைப் பணத்தில் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் எல்லோருக்கும் இந்த வண்டியைச் சொல்ல மாட்டேன். ஒரே கார்தான் வைத்துக்கொள்ள முடியும், தினமும் அதில்தான் ஆபீஸ் போக வேண்டும் என்றால் உற்பத்தி நின்ற வண்டிப் பக்கம் போகாதீர்கள். அதே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைன் இருக்கிறது, 120 குதிரைத்திறன், 2023-க்குப் பிறகு ஆறு கியர் மேனுவலிலும் வருகிறது. ஸ்டியரிங் புன்டோ அளவுக்குப் பேசாது. உதிரிபாகம் அடுத்த தெருவில் கிடைக்கும், வாரன்டி உண்டு, சர்வீஸுக்கு அலைய வேண்டாம். புன்டோதான் வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தால், வண்டி தேட ஆரம்பிக்கும் முன்பே டைமிங் பெல்ட் கிட் ஒன்றைத் தேடி வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள். அது கைக்கு வரவே எவ்வளவு நாள் ஆகிறது என்று பாருங்கள். அந்தக் காத்திருப்பு உங்களுக்கு ஒத்துவந்தால் வண்டியைத் தேடலாம்.